முதலில் கேட்க வேண்டியது சேற்றைப் பற்றி

உங்கள் கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். நடுத்தர எடையுள்ள அட்வென்ச்சர் டூரிங் வண்டி, அதாவது தார்ச்சாலையிலும் மண்ணிலும் நீண்ட தூரம் போகும் மோட்டார் சைக்கிள். முன்னால் 110/80 ஆர் 19, பின்னால் 150/70 ஆர் 17, அலாய் வீல், ட்யூப்லெஸ். 13,000 கிலோமீட்டர் ஓடியதில் வண்டியோடு வந்த பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, முன் டயரில் இன்னும் பாதி பட்டன் (டயர் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் ரப்பர் துண்டு) இருக்கிறது. இரண்டு மாதத்தில் 6,000 கிலோமீட்டர் பயணம் போகிறீர்கள். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி, வழியில் "கொஞ்சம் மண் பாதை". 80/20 டயரா (80 பங்கு சாலைக்கு, 20 பங்கு மண்ணுக்கு), 50/50 டயரா (பாதிக்குப் பாதி), எந்தக் கம்பெனி, பின்னால் 160 மில்லிமீட்டர் அகல டயர் போட்டால் என்ன, பின் டயரை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனிப் பெயர் கேட்பதுபோல் இருந்தாலும், தார்ச்சாலையில் எவ்வளவு பிடிப்பை விட்டுக்கொடுத்து மண்ணில் எவ்வளவு பிடிப்பை வாங்கலாம் என்பதுதான் இதில் இருக்கும் கேள்வி. இரண்டும் முழுதாகத் தரும் டயர் கிடையாது. பதினெட்டு வருடமாக டயர் கழற்றி மாட்டுவதுதான் என் வேலை. இதே மாதிரி வண்டிகளில் நானும் நீண்ட தூரம் போயிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இந்த 80/20, 50/50 கணக்கு. இதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் டயரை யாருக்கு விற்க நினைக்கிறதோ அதற்கேற்பச் சொல்லிக்கொள்வது. ஒருவர் 50/50 என்பதை இன்னொருவர் 70/30 என்பார். பெயரில் இருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். கான்டினென்டல் டிகேசி 80 என்ற பெயரில் 80-ஐப் பார்த்துவிட்டு, 80 பங்கு சாலைக்கான டயர் என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அது நல்ல டயர், ஆனால் முழுக்க முழுக்கப் பட்டன் டயர். அதே கம்பெனியின் டிகேசி 70 தான் சாலைப் பக்கம் சாய்ந்தது. அதனால் எண்ணை விட்டுவிட்டு டயரையே பாருங்கள். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, பட்டன் எவ்வளவு உயரம், நடுவில் தொடர்ச்சியாக ரப்பர் ஓடுகிறதா அல்லது தனித்தனித் துண்டாக நிற்கிறதா. இந்த மூன்றைப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கடைக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பட்டன் டயர் ஒன்றை எடுத்து, நடுவில் இருக்கும் ஒரு பட்டனைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் சாயும். வெறும் கட்டைவிரலுக்கே சாய்கிற அந்தப் பட்டன்தான், இரண்டு பேர், பெட்டி, வண்டி எல்லாம் சேர்ந்து 400 கிலோ எடையோடு பிரேக் பிடிக்கும்போது சாலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அது சாய்ந்து, உரசி, நிமிர்கிறது. அந்த அசைவுதான் சூடு, அந்த உரசல்தான் தேய்மானம். கையில் வருகிற அதிர்வும், காதில் விழுகிற அந்த ஊளைச் சத்தமும் அதிலிருந்து வருவதுதான். பட்டன் டயர் சீக்கிரம் தேய்வதற்கு ரப்பர் மட்டமானது என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது ரப்பரின் குறை இல்லை, உயரத்தின் விளைவு. ஹைடனாவ் கே60 ஸ்கவுட் மாதிரி சில டயர்களில் பின்பக்கம் சில அளவுகளுக்கு நடுவில் ரப்பரைத் தொடர்ச்சியாக விட்டிருப்பதும் இதனால்தான். அது நிறைய தூரம் ஓடும். ஆனால் இடைவெளி இல்லாத இடத்தில் சேறு அப்பிக்கொண்டால் உதறிவிடாது.

இப்போது உங்கள் "கொஞ்சம் மண் பாதை"க்கு வருகிறேன். இந்த மூன்று வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. மண் பாதை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது குறைந்தது ஐந்து விதமான தரை. இறுகிய மண், ஜல்லி, மணல், சேறு, ஈரப் பாறை. இறுகிய மண்ணில் சாலை டயரே போதும். ஜல்லியில் பட்டன் உதவும்தான், ஆனால் அங்கே பெரிய வித்தியாசம் செய்வது காற்றழுத்தம். மணலிலும் அப்படித்தான், காற்றைக் குறைத்து டயரைப் பரப்பினால் பாதிச் சிக்கல் தீரும், மீதிக்கு முன்பக்கப் பட்டன் கைகொடுக்கும். ஈரப் பாறையில் பட்டன் உயரத்தால் பெரிய பலன் இல்லை, ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். மிச்சம் இருப்பது சேறு. சேற்றில் மட்டும்தான் பட்டனுக்கு மாற்று எதுவும் கிடையாது. சாலை டயரின் காடிகள் முதல் ஐந்து மீட்டரிலேயே நிரம்பிவிடும், அப்புறம் அது சேறு பூசிய வழவழப்பான உருளை, அவ்வளவுதான். காற்றைக் குறைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது.

அதனால் டயர் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது "போகும் வழியில் சேறு இருக்கிறதா, இருந்தால் அதைச் சுற்றிப்போக வழி இருக்கிறதா" என்றுதான். சேறு நிச்சயம், சுற்று வழி இல்லை என்றால் 50/50 போடுங்கள், மற்ற கஷ்டங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சேறு இல்லை, அல்லது மழை பெய்தால் ஒருநாள் காத்திருக்கலாம் என்றால் 80/20 போடுங்கள். கையில் ஒரு நல்ல காற்றழுத்தமானியும் சின்ன பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில், பின்னால் ஆள் வைத்து, பெட்டி மாட்டிக்கொண்டு போகிறீர்கள். அந்த எடையோடு சேற்றில் இறங்குவதை எந்த டயர் போட்டிருந்தாலும் நான் விரும்ப மாட்டேன்.

காற்றழுத்தம் பற்றிச் சொன்னேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒருவர் புதிதாகப் பட்டன் டயர் போட்ட வண்டியோடு வந்தார். ஜல்லியில் முன்சக்கரம் வழுக்குகிறது, டயர் சரியில்லை, மாற்றித் தாருங்கள் என்றார். மானியை வைத்தேன். முன்னால் 38, பின்னால் 44 பி.எஸ்.ஐ. நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்துக்காகக் கூடுதலாகவே அடித்து வைத்திருந்தார். வண்டியைப் புழுதியில் கொஞ்சம் உருட்டி, அது விட்ட தடத்தைக் காட்டினேன். நடு வரிசைப் பட்டன் மட்டும்தான் பதிந்திருந்தது, ஓரப் பட்டன்களின் தடமே இல்லை. முன்னால் 27, பின்னால் 30 ஆக இறக்கிவிட்டு மறுபடி உருட்டினோம். தடம் நீளமாகவும் அகலமாகவும் விழுந்தது, ஓர வரிசையும் பதிந்திருந்தது. அதே ஜல்லியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவர், டயர் மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை. டயரும் அதே, பட்டனும் அதே, மாறியது காற்று மட்டும்தான்.

இதற்கு எல்லை உண்டு. அலாய் வீலில், உங்கள் எடையோடு, 25-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன். கூரான கல் ஒன்றில் மோதினால் ரிம் வளைந்துவிடும், அப்புறம் ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்காது. தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் உள்ளுக்குள்ளேயே வளைந்து நெளிந்து சூடேறும். வெளியே தெரியாமல் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) கெட்டுப்போவது அப்படித்தான். காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். மதியம் சரியாக இருந்தது அதிகாலைக் குளிரில் 2, 3 குறைந்திருக்கும். டயரில் ஓட்டை இல்லை, பயப்பட வேண்டாம், ஏற்றிக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கவலை ஈரத் தார்ச்சாலைதான். மண்ணில் பெரும்பாலும் மெதுவாகத்தான் விழுகிறோம். ஈரச் சாலையில், மாலை நேரத்தில், உடம்பு களைத்திருக்கும்போது, முன்னால் போகிற லாரி திடீரென்று நிற்கிறது. அப்போது முன் டயரில் எவ்வளவு ரப்பர் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் எல்லாம். முன் டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. பட்டன் டயரில் அந்த உள்ளங்கையில் பாதி இடைவெளி. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்கித் தர முடியாது. சாலைப் பக்கம் சாய்ந்த புதிய டயர்களில் ரப்பரில் சிலிகா கலக்கிறார்கள், ஈரத்திலும் குளிரிலும் பிடிக்க வேண்டும் என்பதற்காக. பல டயர்களில் நடுவில் கடினமான ரப்பர், ஓரத்தில் மென்மையான ரப்பர் என்று இரண்டு விதம் வைக்கிறார்கள். உங்கள் பின் டயர் மாதிரி நடுவில் தட்டையாவதைத் தள்ளிப்போடத்தான் அது.

160 போடலாமா என்றீர்கள். வேண்டாம். உங்கள் அளவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 160/60, அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போதுள்ள 150/70-17 டயரின் பக்க உயரம் 150-இல் 70 சதவீதம், அதாவது 105 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 210, ரிம் 17 அங்குலம் என்றால் 432, மொத்த விட்டம் சுமார் 642. 160/60 போட்டால் பக்க உயரம் 96, விட்டம் சுமார் 624. அதாவது 18 மில்லிமீட்டர் குறைகிறது, ஏறக்குறைய 3 சதவீதம். பின்பக்கம் தாழும், வளைவில் திரும்ப வண்டி சோம்பல் காட்டும், முன்சக்கரமும் பின்சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்கிற ஏ.பி.எஸ்., டிராக்ஷன் கன்ட்ரோல் ஆகியவற்றின் கணக்கும் மாறும். அதோடு, 150-க்கான ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு டயர் கூம்பிவிடும். வாங்கிய அகலம் சாலையைத் தொடாது. புத்தகத்தில் போட்ட அளவையே போடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள். 69 வி என்று இருந்தால், 69 என்பது 325 கிலோ வரை தாங்கும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. முன்னால் 59 என்றால் 243 கிலோ. இரண்டு பேர், பெட்டி என்று போகிற உங்களுக்கு அந்த எடை எண் முக்கியம், புத்தகத்தில் சொன்னதைவிடக் குறைந்ததை ஏற்காதீர்கள். வேக எழுத்தில் பட்டன் டயர்கள் கீழே இருக்கும். கியூ என்றால் 160 கிலோமீட்டர்தான். எம் பிளஸ் எஸ் (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) முத்திரை உள்ள டயருக்குச் சில நாடுகளில் வேக எழுத்தில் தளர்வு உண்டு, அதற்கு மீட்டர் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததை நான் எனக்கு வாங்க மாட்டேன். அதில் தப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது, நிழலில் ஒழுங்காக வைத்திருந்தால் நன்றாகவே இருக்கும். எப்படி வைத்திருந்தார்கள் என்பதை வாங்குபவர் பார்க்க முடியாதே.

எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இங்கேதான் நிச்சயம் முடிந்து ஊகம் ஆரம்பிக்கிறது. எடை, வெயில், சாலையின் சொரசொரப்பு, ஆக்சிலரேட்டரைத் திருகும் கை, காற்று இத்தனையும் சேர்ந்து தீர்மானிப்பது அது. ஒரே டயர் ஒருவருக்கு 7,000 ஓடும், இன்னொருவருக்கு 12,000 ஓடும், இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். நான் கழற்றிப் பார்த்த அளவில், இந்த எடை வண்டியில், சுமையோடு ஓட்டினால் 50/50 பின் டயர் 5,000-லிருந்து 7,000-க்குள் முடிகிறது. 80/20 பின் டயர் 10,000 பக்கம் வருகிறது. உங்கள் பயணம் 6,000. பட்டன் டயர் போட்டால் கடைசி ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டை டயரோடு வர வாய்ப்பு அதிகம். பாதி வழியில் உங்கள் அளவில் டயர் தேடி ஒரு நாள் அலைவதற்குப் பதில் அதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

முன்னால் பட்டன், பின்னால் சாலை டயர் என்று கலந்து போடச் சிலர் சொல்வார்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. மண்ணில் பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் அநேகமாக விழுந்தாயிற்று. பின்னால் சாலை டயர் என்பதால் சீக்கிரம் தேயாது. நானே அப்படி ஓட்டியிருக்கிறேன், தனியாக, சுமை இல்லாமல். ஆனால் டயர் கம்பெனிகள் ஜோடியாகத்தான் சோதித்துப் பார்க்கின்றன, ஜோடியாகவே போடச் சொல்கின்றன. மனைவியை உட்கார வைத்துக்கொண்டு மழையில் பிரேக் பிடிக்கப் போகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கூடவே, முன்னால் ரேடியல் (உள் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுவது), பின்னால் பழைய குறுக்கு இழை டயர் (இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டி ஓடுவது) என்ற கலப்பு கூடவே கூடாது. இதற்கு நேர்மாறான கலப்பில், முன்னால் குறுக்கு இழை, பின்னால் ரேடியல் என்று கம்பெனியே போட்டு அனுப்பும் வண்டிகள் உண்டு, குறிப்பாக 21 அங்குல முன்சக்கரம் உள்ளவை. அது வேறு கதை.

ஆக, 80/20 ஜோடி. அந்த வகையில் மிச்செலின் அனாகீ அட்வென்ச்சர், மெட்ஸெலர் டூரன்ஸ் நெக்ஸ்ட் 2, பிரிட்ஜ்ஸ்டோன் ஏ41, பைரெல்லி ஸ்கார்பியன் ட்ரெயில் 2 என்று நல்லவை பல இருக்கின்றன. இவற்றில் சில இன்னும் கொஞ்சம் சாலைப் பக்கம் சாய்ந்தவை, பட்டன் இடைவெளியைப் பார்த்தாலே தெரியும். இவற்றுக்குள் எது முதலிடம் என்று நான் வரிசை போட மாட்டேன். ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம், காற்று 5 பி.எஸ்.ஐ. தப்பாக இருப்பதால் வரும் வித்தியாசத்தைவிடச் சிறியது என்பது என் அனுபவம். உங்கள் அளவில், புதிய தேதியில், எடை எண் சரியாக எது கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

கடைசியாக, பின் டயரை மட்டும் மாற்றலாமா என்ற கேள்வி. பாதிப் பட்டன் இருக்கிறது என்றீர்கள். கண்ணால் பார்த்தது போதாது, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். முதலில் சக்கரம் சுற்றும் திசையில், அப்புறம் எதிர்த் திசையில். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லைத் தடவுவதுபோலவும் இருந்தால், பட்டன்கள் ஒரு ஓரமாகத் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். முன்சக்கரம் பிரேக் பிடித்துப் பிடித்து வருவது அது, காற்று குறைவாக ஓட்டினால் இன்னும் சீக்கிரம் வரும். பட்டன் உயரம் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் ஈரத்தில் பழையபடி பிடிக்காது, கையிலும் நடுக்கம் தரும். பல் இல்லாமல் சமமாக இருந்தால் ஊருக்குள் ஓட்ட அது தாராளமாகப் போதும். ஆனாலும் பின்னால் புது உருண்டை டயர், முன்னால் பாதி தேய்ந்த டயர் என்று 6,000 கிலோமீட்டர் கிளம்பினால், சுமையோடு பிரேக் பிடித்துப் பிடித்து நடுவழியில் முன் டயரில் அந்தப் பல் விழலாம். பயணத்துக்கு இரண்டையும் மாற்றிவிட்டு, பழைய முன் டயரை வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் மாட்டி மிச்சத்தை ஓட்டலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாற்றாதீர்கள், இரண்டு வாரம் முன்பே மாற்றுங்கள். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அம்புக்குறி சுற்றும் திசையில் இருக்கிறதா, புது வால்வு போட்டார்களா, பேலன்ஸ் செய்தார்களா என்று பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, காற்றை இறக்கிச் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். முதல் 200 கிலோமீட்டர் மெதுவாக, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டி ஓரத்தின் பளபளப்பை எடுங்கள். அப்புறம் பெட்டி, சுமை எல்லாம் ஏற்றி ஒருநாள் ஓட்டி, மறுநாள் காலையில் காற்றைப் பாருங்கள். பஞ்சர் குச்சி பெட்டியையும் எடுத்து வையுங்கள். அது பட்டன் பகுதியில் விழுந்த ஓட்டைக்குத்தான். சைடுவாலில் கிழிந்தால் குச்சி போட்டு ஓட்டக் கூடாது, வண்டியை ஏற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும்.